‘எட்டு’ போட்டாச்சு... மலைப்பாதைக்குத் தயாரா?

லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு. புது பைக்கில் செண்பகனூரிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கப் போறீங்களா? ஒரு நிமிடம். சமதளத்தில் காலை ஊன்றாமல் ‘எட்டு’ போடுவது உங்கள் சமநிலையைத்தான் சோதிக்கிறது. மூடுபனியில், எதிரே பேருந்து திரும்பும் வளைவில் என்ன செய்வீர்கள் என்று அது கேட்பதில்லை. அந்த மிச்சப் பாடத்துக்குத்தான் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு.

முக்கியமான பாடம் பிரேக். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டி வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவுதான் மிச்சமாகிவிடும்! அப்போது வண்டியின் பாரம் முழுவதும் பிரேக் மீது விழுகிறது. விடாமல் அழுத்தினால் பிரேக் சூடாகி, பிடிப்பு குறையும். குறைந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழைய கணக்கு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த உதவி குறைவு. அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைத் திடீரென அழுத்தினால் டயர் வழுக்கிவிடும். இதெல்லாம் படித்தால் புரியும், ஆனால் கைக்கு வராது. காலி மைதானத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, பல முறை பிடித்துப் பார்த்தால்தான் வரும்.

அடுத்தது, முன்கூட்டியே பார்க்கும் பழக்கம். 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போய்விடுவீர்கள். சில்வர் கேஸ்கேட் அருவி பக்கம் நிறுத்திய வேன்கள், போட்டோ எடுக்க சாலையைக் கடப்பவர்கள், குரங்குகள்... அந்த ஒரு நொடி உங்களுக்குத் தேவை. இன்னொன்று: குறுகலான மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர்தான் வழிவிட வேண்டும்.

எப்போது கற்பது? பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துப் பெறும் எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும்; 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். அந்த 30 நாளைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்.எல்.ஆர். காலத்தில் கற்றுத்தருபவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது, நண்பனையும்தான்.

2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. எல்லா டிரைவிங் ஸ்கூலும் இதில் வராது. பணம் கட்டும் முன் அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். “இறக்கத்தில் பிரேக் பிடிக்கச் சொல்லித் தருவீங்களா?” என்றும் கேட்டுவிடுங்கள்.