பெயர்த்தொடரும் தலைச்சொல்லும்

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு ஆங்கிலப் பாடநூலின் நீண்ட வாக்கியங்கள் மலைப்பைத் தருகின்றன. பெயர்த்தொடரை இனங்காணப் பழகினால் அம்மலைப்பில் பெரும்பகுதி நீங்கும் என்பது என் எண்ணம்.

ஒரு பெயரும் அதனைச் சிறப்பிக்கும் சொற்களும் சேர்ந்தது பெயர்த்தொடர். அதில் முதன்மையான பெயரே தலைச்சொல். தொடர் முழுவதும் தன் தலைச்சொல்லைப் போலவே வாக்கியத்தில் தொழிற்படுவதை, அமெரிக்க மொழியியலறிஞர் புளூம்பீல்டு 1933-இல் வெளியிட்ட 'லாங்குவேஜ்' என்னும் நூலில் விளக்கியுள்ளார்.

'கல்வராயன் மலைக்குச் செல்லும் சாலை செங்குத்தானது' என்கிறோம். இதில் 'சாலை' தலைச்சொல். தமிழில் அடைமொழியும் பெயரெச்சமும் முன்னே வரும். தலைச்சொல் இறுதியில் நிற்கும். எனவே இங்கே பயனிலை அதற்கு அடுத்தே அமைகிறது. அருகிலுள்ள பெயரைப் பார்த்து வாக்கியத்தை முடித்தாலும் பிழை நேர்வதில்லை.

ஆங்கிலத்தில் அப்பழக்கம் நம்மை ஏமாற்றிவிடும். 'தி ரோட் டு தி ஹில்ஸ் இஸ் ஸ்டீப்' என்பதைப் பாருங்கள். 'ரோட்' முன்னே நிற்க, அதனைச் சிறப்பிக்கும் 'டு தி ஹில்ஸ்' பின்னே வருகிறது. பன்மையான 'ஹில்ஸ்' அருகில் இருப்பதால் 'ஆர்' என்று எழுதக் கை துடிக்கும். தலைச்சொல் ஒருமையாதலின் 'இஸ்' என்பதே சரி. கோமுகி, மணிமுக்தா ஆறுகளைப் பற்றி எழுதும்போது, 'தி ரிவர்ஸ் ஃப்ரம் தி ஹில்' என்று தொடங்கினால் 'ஆர்' வரவேண்டும்.

சரி, தொடர் எங்கே முடிகிறது என்று அறிவது எப்படி? பிரதிப்பெயரை இட்டுப் பாருங்கள். 'ஐ மெட் தி ஃபார்மர் ஃப்ரம் வெள்ளிமலை' என்பது 'ஐ மெட் ஹிம்' என்றாகும். 'ஃப்ரம் வெள்ளிமலை' என்பதும் 'ஹிம்' என்பதனுள் அடங்கிவிட்டது. ஆகவே அதுவும் பெயர்த்தொடரின் பகுதியே. 'ஐ மெட் தி ஃபார்மர் யெஸ்டர்டே' என்பதோ 'ஐ மெட் ஹிம் யெஸ்டர்டே' என்றே நிற்கும். 'யெஸ்டர்டே' சந்திப்பு நடந்த நாளைச் சொல்கிறது, உழவரைச் சிறப்பிக்கவில்லை. ஆதலால் அது தொடருக்கு வெளியே நிற்கிறது.

நண்பர்களே, அடுத்த முறை நீண்ட ஆங்கில வாக்கியம் ஒன்று எதிர்ப்பட்டால் அகராதியைத் தேடுமுன் பிரதிப்பெயரை இட்டுப் பாருங்கள். எல்லை புலப்படும்; தலைச்சொல்லும் அகப்படும். பிறகு வினை ஒருமையா பன்மையா என்னும் ஐயத்திற்கு இடமிராது.