வீரனுக்குக் கல் உண்டு, கலைத்தாய்க்கு?

ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது என்பதை நாம் அறிவோம். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு நூலே வெளியிட்டது. எடுத்தனூரில் கிடைத்த கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. போரில் பட்ட வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயையும் அக்கல் பெயர் சொல்லிப் போற்றுகிறது. நாய்க்கும் பெயர் பொறித்த நன்றியுள்ள மண் நம் மண்!

அந்த மரபு அறுந்து போகவில்லை. 1914-18 பெரும்போருக்கு வேலூரிலிருந்து சென்றவர் 277 பேர், மாண்டவர் 14 பேர் என்று அந்நகர மணிக்கூண்டில் கல்வெட்டு உண்டு. கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் ‘இராணுவப்பேட்டை’ என்றே அழைக்கின்றனர். போர் வீரனைப் போற்றும் முறை நமக்குத் தெரியும். கல், பதக்கம், ஓய்வூதியம், சுதந்திர நாளில் ஒரு பொன்னாடை. ஆனால் அதே வீரனின் வீட்டில் ஆடியும் பாடியும் வாழ்ந்த ஒரு தாயை எப்படிப் போற்றுவது? இதற்கு விடை தேடும்போது ஒரு குடும்பத்தின் வரலாறு எனக்குப் பெரிதும் உதவியது.

சென்னையில் வழக்கறிஞராக இருந்தவர் சுப்பராம சுவாமிநாதன். அவர் துணைவியார் அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். 1952இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். இவர்களின் மூத்த மகள் இலட்சுமி 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்கள் பலர் அப்படையில் துப்பாக்கி ஏந்தினர். கேப்டன் இலட்சுமி என்றால் தெரியாதவர் இலர்.

அவருடைய தங்கை மிருணாளினி 1918இல் பிறந்தார். அக்காள் படைக்குப் போனார். தங்கை சதங்கை கட்டினார். சாந்திநிகேதனில் தாகூரின் நிழலில் பயின்றார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதமும், தகழி குஞ்சுக் குறுப்பிடம் கதகளியும் கற்றார். கதகளி அந்நாளில் ஆண்களின் கலை என்பதை நினைத்தால் அந்தத் துணிவின் அளவு விளங்கும். 1942இல் விஞ்ஞானி விக்ரம் சாராபாயை மணந்தார். 1949இல் அகமதாபாத்தில் ‘தர்ப்பணா’ என்ற கலைக்கூடத்தை நிறுவினார்.

அவர் சாதனைகளில் என்னை மிகவும் தொட்டது 1963இல் அமைத்த நாட்டியமாகும். சௌராஷ்டிரப் பகுதியில் இளம் மருமகள்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் அவரை உலுக்கின. பரதத்தில் நட்டுவனார் சொல்லும் ‘தித் தித் தை’ போன்ற சொற்கட்டுகளுக்குப் பொருள் கிடையாது. அவை தாளத்தின் ஒலிகள். அந்த ஒலிகளையே அச்சுறுத்தலாகவும் அடியாகவும் ஒலிக்கச் செய்து, அந்தப் பெண்களின் துயரை மேடையில் காட்டினார். தெய்வக் காதலைப் பாடி வந்த மேடையில் வரதட்சணைக் கொடுமையைப் பேசியதும் ஒரு போர்தான். அக்காளின் போருக்குக் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

விஞ்ஞான மாணவர்களாகிய நமக்கு விக்ரம் சாராபாயைத் தெரியும். நிலவில் ஒரு பள்ளத்திற்கு அவர் பெயர். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய கலத்திற்கும் அவர் பெயர். மிருணாளினியின் பெயரைச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் அறிவர்? 1992இல் பத்மபூஷண் பெற்றவர்தாம். எனினும் பாடப்புத்தகத்தில் அவரை நான் கண்டதில்லை.

2016 ஜனவரி 21 அன்று, 97ஆம் வயதில், அவர் மறைந்தார். மகள் மல்லிகாவும் நாட்டியக் கலைஞர். பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்தில் திரௌபதியாக நடித்தவர். தாயின் உடல் மலர்களிடையே கிடத்தப்பட்டிருக்க, மல்லிகா அதன் முன்னே நின்று ஆடினார். கலைத்தாய்க்குக் கலைமகள் செலுத்திய இறுதி வணக்கம் அது.

பிணத்தின் முன் ஆட்டமா என்று முகம் சுளிப்போர் உண்டு. நம் மாவட்டத்தார் சுளிக்கலாமா? சாவு வீட்டில் பறை முழங்குகிறது. கருமாதி இரவில் ‘கர்ண மோட்சம்’ கூத்து நடக்கிறது. களத்தில் வீழ்ந்த வீரனை மடியில் ஏந்திக் குந்தி புலம்பும் கட்டத்தில், ஊரே தன் வீட்டு இறப்பை நினைத்து அழுகிறது. துக்கத்தைக் கலையால் ஆற்றுவது நமக்குப் புதிதன்று. அகமதாபாத்தில் அதைச் செய்தவர் ஒரு மகள் என்பதுதான் புதிது.

இதை எழுதத் தூண்டியவர் என் தாயார். என் தாய்வழிப் பாட்டனார் பட்டாளத்துக்காரர். அவருடைய பதக்கங்கள் கண்ணாடிச் சட்டத்திற்குள் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றன. அவர் மகளோ மலையடிவாரத்து ஊர்களில் ஒப்பாரி பாடப் பேர் போனவர். இறந்தவரின் தொழில், குணம், பிள்ளைகள், நட்ட மரம், வாங்கிய மாடு எல்லாவற்றையும் கேட்டறிந்து அந்த நொடியே பாட்டாகக் கட்டுவார். எழுத்தறியாதவர், எதுகை தவறாது. பாட்டு முடிந்தால் எழவு வீட்டோடு அதுவும் போயிற்று. “எழவுப் பாட்டை வீட்டில் பாடக்கூடாதடா” என்று எனக்குப் பாடிக் காட்ட மறுத்து விட்டார். வீட்டுக்குள் ஆகாதென்றால் களத்துமேட்டில் ஆகலாம் என்று பிறகு ஒரு வழி கண்டோம். நான் அறுபது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் எழுதினேன். இதுவரை பதினொரு பாட்டுகள் ஏறியுள்ளன. பாட்டனாருக்காகப் பாடியது மட்டும் பாதியில் நிற்கிறது; அந்த இடம் வந்ததும் நிறுத்தி விடுகிறார்.