செய்தி ஓடையும் திரட்டியும்

செய்தி அறிய வேண்டும் என்ற ஆவல் யாருக்குத்தான் இல்லை? நம் தாத்தா காலத்தில் காலையில் ஒரு செய்தித்தாள், மாலையில் வானொலிச் செய்தி என்ற அளவில் அந்த ஆவல் தணிந்தது. இன்றோ கைப்பேசியைத் திறந்த மாத்திரத்தில் செய்திகள் மழையாகப் பொழிகின்றன. ஆனால் அவற்றை நமக்காகத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. ஒருத்தி ஒருநாள் கிரிக்கெட் செய்தியைத் தொட்டுப் படித்தால், மறுநாளிலிருந்து அவளுக்குக் கிரிக்கெட்டே வந்து நிற்கிறது. திரைப்படச் செய்தியைத் தொட்டவளுக்குத் திரைப்படம். நாம் எதைத் தொட்டோம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்றெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டு ஓர் இயந்திரம் தேர்வு செய்கிறது. ஒருமுறை கத்தரிக்காய் வாங்கியதற்காக, வாரம் முழுவதும் கூடையில் கத்தரிக்காயே போட்டு அனுப்பும் கடைக்காரரைப் போன்றது இது!

நமக்கு வேண்டிய செய்தித்தாள்களை நாமே தேர்ந்தெடுத்து, அவற்றின் புதிய செய்திகளை மட்டும் ஒரே இடத்தில் கால வரிசைப்படி படிக்க ஒரு வழி உண்டு. அதுதான் செய்தி ஓடை. ஓடைகளைச் சேர்த்துத் தருவது திரட்டி. ஆங்கிலத்தில் ஃபீட் என்றும் ஃபீட் ரீடர் என்றும் கூறுவர்.

பெட்டிக்கடை வாசலில் செய்தித்தாளின் தலைப்புச் செய்தியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தொங்கவிட்டிருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். செய்தித் தளங்களும் அவ்வாறே செய்கின்றன. நாம் படங்களுடன் பார்க்கும் பக்கத்தைத் தவிர, இயந்திரங்கள் படிப்பதற்கென்றே ஒரு சிறிய கோப்பையும் வைத்திருக்கின்றன. அதில் அண்மைச் செய்திகள் ஒவ்வொன்றின் தலைப்பு, சுருக்கம், முழுச் செய்தி உள்ள முகவரி, வெளியான நாள், நேரம் ஆகியவை ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். விளம்பரமும் ஆடும் படங்களும் பெரும்பாலும் இரா. திரட்டி என்பது ஊரிலுள்ள எல்லாப் பெட்டிக்கடைகளுக்கும் சென்று, தொங்கும் தாள்களைப் படித்து, புதியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு வந்து சொல்லும் ஒரு சுறுசுறுப்பான சிறுவன் எனலாம். ஒரு கடையில் புதிதாக எதுவும் இல்லையென்றால், ‘மாறவில்லை’ என்பதற்கு அடையாளமாக 304 என்ற எண் மட்டும் பதிலாக வரும். சிறுவனும் அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

இந்த முறைக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் அரசியல் என்று எண்ணிவிட வேண்டாம்! ‘மிக எளிய முறையில் பரப்புதல்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இதன் முதல் வடிவம் 1999 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாயிற்று. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராமநாதன் குஹா, நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பட்டம் பெற்றவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ! இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. 2000 டிசம்பரில் வெளியான ஆர்.எஸ்.எஸ். 1.0 என்ற வடிவத்தை எழுதிய குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிறுவனும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 14. பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களைவிட ஒரு வயது இளையவர்! பின்னர் 2002-இல் டேவ் வைனர் என்பவர் வெளியிட்ட 2.0 என்ற வடிவமே இன்றும் பெரிதும் வழங்குகிறது. ஆட்டம் என்று இன்னொரு வகையும் உண்டு. திரட்டிகள் இரண்டையும் படித்துவிடும் என்பதால் நாம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

திரட்டிகள் இரு வகைப்படும். ஒன்று, நம் கணினியிலேயே நிறுவிக்கொள்வது. மற்றொன்று, இணையத்திலேயே இருப்பது. நம்மைப் போன்ற மாணவியருக்கு இரண்டாவது வகையே ஏற்றது. ஏனெனில் நம் கணினி அணைந்திருக்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பள்ளிக் கணினி அறையில் பாதி படித்துவிட்டு, வீட்டில் அம்மாவின் கைப்பேசியில் திறந்தால், எதுவரை படித்தோம் என்பது அங்கேயும் சரியாகத் தெரியும். மேலும், ஆயிரம் பேர் ஒரே ஓடையைக் கேட்டிருந்தாலும் திரட்டி ஒரேமுறை சென்று வாங்கி ஆயிரம் பேருக்கும் பகிர்ந்து கொடுத்துவிடும்.

ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடும் உள்ளது. நம் பட்டியல் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது! கூகுள் நிறுவனம் 2005 அக்டோபரில் கூகுள் ரீடர் என்ற திரட்டியைத் தொடங்கியது. உலகெங்கும் பலர், செய்தியாளர்கள் உட்பட, அதையே நம்பியிருந்தனர். 2013 மார்ச் 13-ஆம் நாள், அதை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் நாளோடு அதன் கதை முடிந்தது. எத்தனை பேர் எதிர்த்து எழுதியும் பயன் இல்லை. ஆயினும் பலர் தம் பட்டியலை இழக்கவில்லை. ஓ.பி.எம்.எல். என்ற பொது வடிவத்தில் அதை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு திரட்டிகளுக்குக் குடிபெயர்ந்தனர். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பாத்திரம் பண்டங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போவது போலத்தான்.

எனவே திரட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அதன் அழகை அன்று. நம் பட்டியலை நாம் கேட்கும்போது திருப்பித் தருமா என்பதைத்தான். ஃபீட்லி, இனோரீடர், தி ஓல்டு ரீடர், நியூஸ்பிளர் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. இவற்றை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஓடைகளைச் சேர்க்க விரும்பினால் பணம் கேட்பார்கள். மாணவியருக்கு இலவச அளவே தாராளம். மற்றபடி, புதியது மேலே வரும்படி கால வரிசையில் காட்டுகிறதா, சிறிய திரையில் தமிழ் எழுத்துகள் கண்ணுக்கு இதமாகத் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும். கணக்குத் தொடங்கும்போது பெற்றோரைக் கேட்டுச் செய்வது நல்லது. நான் என் அம்மாவின் கணக்கில்தான் படிக்கிறேன்.

பயன்படுத்துவது எளிது. சேர்க்கும் பெட்டியில் செய்தித் தளத்தின் முகவரியை இட்டால், பெரும்பாலும் ஓடையைத் திரட்டியே கண்டுபிடித்துவிடும். சில தளங்களில் ஒரு புள்ளியும் இரண்டு வளைகோடுகளும் கொண்ட ஆரஞ்சு நிறச் சின்னம் இருக்கும். அதைத் தொட்டாலும் ஓடை கிடைக்கும். முன்பு ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளே ஓடைகளைக் காட்டி வந்தன. 2018 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் அதை நீக்கிவிட்டது. இன்று பலருக்கு இச்சின்னத்தின் பொருளே தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை எங்கள் வகுப்புக்கு வரும் வாரத்தில் எனக்கு இது பெரிதும் உதவுகிறது. உலகம், இந்தியா, அறிவியல் என மூன்று பிரிவுகள் வைத்துள்ளேன். மொத்தம் பன்னிரண்டு ஓடைகளே. பி.பி.சி. தமிழ், தி இந்து, அமெரிக்காவின் நாசா ஆகியவை அவற்றுள் உள்ளன. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்க ஓடை எனக்கு மிகவும் பிடித்தது. எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு அளவு என்ற மூன்றுமே அதில் இருக்கும்; அலங்காரச் சொல் ஒன்றும் இராது. முதலில் தந்த அளவைப் பின்னர் திருத்தியும் வெளியிடுவர். ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று செய்தித்தாள்கள் இட்ட மூன்று தலைப்புகளை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஒருவர் விட்டதை மற்றொருவர் சொல்லியிருப்பது தெரியும். எங்கள் வீட்டில் அப்பா ஒரு செய்தித்தாளும் தாத்தா இன்னொரு செய்தித்தாளும் படித்துவிட்டு வாதாடுவது எதனால் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது!

மழைக்காலத்தில் நம்மிடையே உலவும் விடுமுறைச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற படம் ஒரு கைப்பேசியிலிருந்து மறு கைப்பேசிக்குப் பறக்கிறது. படத்தில் நாள் வெட்டப்பட்டிருக்கும். கடந்த ஆண்டு என் தோழி ஒருத்தி அதை நம்பித் தேர்வுக்குப் படிக்காமல் உறங்கிவிட்டாள். அது முந்தைய ஆண்டு விடுமுறை அறிவிப்பு என்று பிறகு தெரிந்தது. ஓடையில் ஒவ்வொரு தலைப்பின் அருகிலும் நாளும் நேரமும் யார் வெளியிட்டார் என்பதும் சேர்ந்தே நிற்கும். அவசரத்தில் அதைவிட வேறென்ன வேண்டும்?

இதனால் திரட்டி உண்மையை மட்டுமே தரும் என்று பொருள் அன்று. பொய் எழுதும் தளத்தைச் சேர்த்தால் அதன் பொய்யையும் தவறாமல் கொண்டு வந்து வைக்கும். பல செய்தித்தாள்கள் ஓடையில் சுருக்கத்தை மட்டும் தருகின்றன. முழுச் செய்திக்கு அவர்கள் தளத்துக்கே போக வேண்டும். சிலவற்றில் சந்தாவும் கட்ட வேண்டும்.

சிலர் தொடங்கிய முதல் நாளே ஐம்பது ஓடைகளைச் சேர்த்துவிடுவர். மறுநாள் திறந்தால் படிக்காதவை ஆயிரம் என்று எண் காட்டும். அதைக் கண்டு மலைத்துத் திரட்டியையே மூடிவிடுவர். அந்த எண் ஒன்றும் வீட்டுப்பாடம் அன்று. எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட ஒரு பொத்தான் உள்ளது. படிக்காமல் போன செய்தித்தாளை நாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதில்லையா?

இன்னொன்று. திரட்டியின் அமைப்புகள் பகுதியில் ஏற்றுமதி என்ற வசதி இருக்கும். அதைத் தொட்டால் முன்சொன்ன ஓ.பி.எம்.எல். கோப்பு இறங்கும். நான் பருவத்துக்கு ஒருமுறை அதைப் பென் டிரைவில் சேமித்து வைக்கிறேன். பன்னிரண்டு ஓடைகளின் முகவரிகளும் அதில் இருக்கின்றன. வேண்டும் தோழியர் கணினி வகுப்பு நாளில் என்னிடம் கேட்டால் தருகிறேன். அதை உங்கள் திரட்டியில் ஏற்றிவிட்டு, வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.