துக்க வீட்டில் எழுந்த கோபம்

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ட்ரீ ஆஃப் லைஃப் யூத ஆலயத்தில் வழிபாட்டுக்கு வந்திருந்த 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூன்று நாள் கழித்து, முதல் இறுதிச் சடங்குகள் நடந்த அன்றே, அதிபர் டிரம்ப் அங்கே வந்தார். இறந்தவர்களை அடக்கம் செய்யும் நேரத்தில் வர வேண்டாம் என்று மேயர் பில் பெடூட்டோ கேட்டிருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். துக்க வேளையில் அரசியலா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் தெருவில் இறங்கியவர்களின் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

அகதிகளுக்கு உதவும் ஹயஸ் என்ற யூத அமைப்பு, 'படையெடுப்பாளர்களை' நாட்டுக்குள் கொண்டுவருகிறது என்று கொலையாளி எழுதியிருந்தான். மத்திய அமெரிக்காவிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த ஏழைகளின் வருகையைப் 'படையெடுப்பு' என்று டிரம்ப்பும் சொன்னார். அதுவும் படுகொலை நடந்து இரண்டே நாளில். கொலையாளிக்கு டிரம்ப்பையே பிடிக்காதே என்பார்கள். உண்மைதான், கொலைக்கு அவர் உத்தரவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. வெறுப்பின் மொழிக்கு அதிபர் பதவியின் மதிப்பைக் கொடுத்தார் என்பதே குற்றச்சாட்டு. ஆறுதல் சொல்வது அதிபரின் கடமை என்ற வாதத்திலும் பொருள் உண்டு. ஆலயத்தின் மதகுருவான ரபி ஜெஃப்ரி மையர்ஸ் அவரை வரவேற்றார்; மையர்ஸின் பெருந்தன்மையை மதிக்க வேண்டும். ஆனால் ஒருவரின் பெருந்தன்மை மற்றவர்களின் வாயை அடைக்கும் பூட்டாகிவிடக் கூடாது. 'படையெடுப்பு' என்ற அந்த ஒற்றைச் சொல்லை டிரம்ப் கைவிட்டுவிட்டு வந்திருந்தால், அதுவே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கைவிடவில்லை.