மீன் வளர்த்தால் கீரை வளரும் – எப்படி?



2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது நாம் பட்ட பாட்டை மறக்க முடியாது. அந்த வருடம் நவம்பரிலேயே தடை நீங்கியது. ஆனால் 2022இல் உர விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி வைத்திருந்தவர்கள்கூட கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகுதான், "மீன் தொட்டித் தண்ணியிலேயே கீரை வளருதாமே, உண்மையா ஐயா?" என்று பலரும் எங்களிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

உண்மைதான். மீன் தொட்டித் தண்ணீரைக் கல் நிரப்பிய பாத்தி வழியாகச் சுற்றவிட்டு, மண் இல்லாமலே மரக்கறி வளர்க்கலாம். இந்த முறைக்கு அக்குவாபோனிக்ஸ் என்று பெயர். ஆனால் இதில் மீனுக்கு என்ன வேலை என்று தெரியாமல் இறங்கினால் மீனும் போகும், காசும் போகும். எங்களுக்கே அப்படித்தான் போனது.

எங்கள் முதல் தொட்டி

பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குப் பின்னால் 500 லீற்றர் தாங்கி ஒன்றை வைத்து, பக்கத்தில் கல் பாத்தியும் கட்டினோம். 60 மீன்குஞ்சுகளை வாங்கி வந்து அன்றைக்கே விட்டோம். பிள்ளைகள் ஆசையாகத் தீனி போட்டார்கள், நாங்களும் போட்டோம். ஆறாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்து நாளைக்குள் பாதிக்கு மேல் செத்து மிதந்தன.

"தண்ணி கண்ணாடி மாதிரித்தானே இருக்கு. யாரோ மருந்து ஊத்திட்டாங்க ஐயா" என்றார் ஒரு அக்கா. யாரும் ஒன்றும் ஊற்றவில்லை. தன் கழிவிலேயே மீன் செத்தது. குற்றம் எங்களுடையது.

மீன் செய்யும் வேலை என்ன?

மீன் தின்னும் தீனியில் புரதம் இருக்கிறது. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சம் அமோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. இதில் பெரும்பங்கு செவுள் வழியாகவே வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கூடினால் மீனுக்கு அது விஷம்.

இந்த அமோனியாவை நல்ல உரமாக மாற்றுவது பாத்தியில் உள்ள கற்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள், அதாவது பற்றீரியாக்கள். ஒரு வகை, அமோனியாவை நைத்திரைற்று ஆக்குகிறது. இதுவும் மீனுக்கு விஷம்தான். இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்குகிறது. இதுதான் செடி விரும்பி எடுக்கும் சாப்பாடு. மண்ணில் போடும் யூரியாவும் கடைசியில் பெரும்பாலும் இப்படி மாறித்தான் செடிக்குப் போகிறது. செடி எடுத்தபின் தண்ணீர் சுத்தமாகி மீனுக்குத் திரும்பி வருகிறது.

நமக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே சொல்கிறோம். பறித்த கொழுந்தை அப்படியே கோப்பையில் போட்டால் தேத்தண்ணி ஆகுமா? பெக்டரிக்குப் போய், வாடி, அரைபட்டு, காய்ந்து வந்தால்தான் தேயிலை. மீனின் கழிவு பச்சைக் கொழுந்து. கல் பாத்திதான் பெக்டரி. நாங்கள் பெக்டரி கட்டுவதற்கு முன்பே லொறி லொறியாகக் கொழுந்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டோம்.

இந்த நுண்ணுயிர்கள் தாமாகவே வந்து சேரும். ஆனால் போதிய அளவு பெருக 4 முதல் 6 கிழமை எடுக்கும். குளிர் கூடிய இடத்தில் இன்னும் செல்லும். ஆகவே முதலில் ஐந்தாறு மீன் மட்டும் விடுங்கள். தீனி ஒரு சிட்டிகை போதும். ஆறு கிழமை கழித்து மற்ற மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

இன்னொன்று. கல்லில் பாசி பிடித்திருக்கிறது என்று சவர்க்காரத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். நுண்ணுயிர் எல்லாம் செத்து, வேலை மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

எத்தனை மீன், எவ்வளவு தீனி?

500 லீற்றர் தண்ணீரில், வளர்ந்த மீன் எல்லாம் சேர்ந்து 5 கிலோவுக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. ஒன்று 250 கிராம் வரை வளரும் என்று பார்த்தால் 20 மீன். குஞ்சாக இருக்கும்போது தொட்டி காலியாகத் தெரியும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஒரு சதுர மீற்றர் கீரைப் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீனி கணக்கு. மீன் தின்பதைத்தான் கீரை தின்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். மிஞ்சியதை அள்ளி எடுத்துவிடுங்கள். எண்ணெய், உப்பு சேர்ந்த மிச்சச் சோற்றைத் தொட்டியில் கொட்டவே கூடாது.

மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் தீனியை நிறுத்துங்கள். கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். வாளியால் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றினால் காற்றும் சேரும். கரண்ட் போகும் நாட்களிலும் இதைச் செய்யலாம்.

எந்த மீன்?

இது நம் தோட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது. திலாப்பியா சூட்டை விரும்பும் மீன். இரத்தினபுரி, கேகாலை போன்ற தாழ்ந்த பக்கங்களுக்கு நல்லது. குளிரில் தின்னாது, வளராது, கடுங்குளிரில் செத்தும் போகும். நுவரெலியா பக்கத்துக்குக் குளிரைத் தாங்கும் கார்ப் மீனே பொருத்தம். அதுவும் பனிக்காலத்தில் தின்பது குறையும். அப்போது தீனியையும் குறைக்க வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்த திலாப்பியா சின்ன உருவத்திலேயே குஞ்சு பொரித்துத் தொட்டியை நிரப்பிவிடும். ஆண் குஞ்சுகளாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வேண்டாத மீனை ஓடையில் விடக் கூடாது. அங்குள்ள நம் நாட்டு மீன்களுக்கு அதனால் கெடுதல் வரும்.

பாத்தியில் கங்குங், பொன்னாங்காணி, பசளி போடலாம். குளிர்ப் பக்கத்தில் சலாது, வெங்காயத் தாள் நன்றாக வரும். கரட், உருளைக்கிழங்கு கல்லுக்குள் சரிவராது. மீன் எல்லாச் சத்தையும் தராது. இரும்பு, பொட்டாசியம், கல்சியம் குறையலாம். புதுத் தளிர் மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புக் குறைவுதான்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

ஸ்டோரில் இருந்து வரும் மருந்துப் பீப்பாயை மீனுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் எடுக்காதீர்கள். அந்த மீனைத் தின்னப் போவது நம் பிள்ளைகள். மருந்து அடிக்கும் மலையில் இருந்து வரும் கான் தண்ணீரும் வேண்டாம். பீலித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது. மருந்து அடிக்கும் நாளில் தொட்டியை மூடி வையுங்கள். பாத்திக் கீரைக்கும் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது, அது மீனைக் கொல்லும்.

தொட்டிக்கு மேல் கம்பி வலை கட்டாயம் வேண்டும். கொக்குக்காக மட்டும் சொல்லவில்லை. நடைபழகும் பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும்.

கட்டுப்படியாகுமா?

மறைக்காமல் சொல்கிறோம், இதனால் பணக்காரர் ஆக முடியாது. 25 வோட் பம்பு இரவு பகலாக ஓடினால் மாதம் 18 யுனிட் மின்சாரம் போகும். அது முடியாதவர்கள் பம்பு, கல் பாத்தி இரண்டையும் விட்டுவிடுங்கள். சில மீன் மட்டும் வளர்த்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மண் பாத்திக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். அதுவும் நல்ல உரம்தான். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலையில் படவேண்டாம். பறித்த கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

எங்கள் இரண்டாவது தொட்டியை ஆறு மீனோடு தொடங்கினோம். பொறுமையாக இருந்தோம். கீரை வந்தது, மீனும் வளர்ந்தது. பிள்ளைகளின் பகல் சாப்பாட்டில் அவை சேர்ந்தன. முதலில் செத்த மீன்கள் கற்றுத் தந்த பாடம் இது. உங்கள் வீட்டில் அந்த நட்டம் வராமல் இருக்கவே இதை எழுதினோம். தொட்டி வைக்க நினைப்பவர்கள் குஞ்சு வாங்குவதற்கு முன் ஒருமுறை எங்களிடம் வாருங்கள். இடத்தையும் தண்ணீரையும் சேர்ந்தே பார்ப்போம்.