பிக்கப் வண்டிக்குப் புதிய சைலன்சர்: எது லாபம், எது நஷ்டம்?

கொங்கு நாட்டு இட்டேரிகளில் முன்பு மாட்டு வண்டி சென்ற தடத்தில் இன்று பிக்கப் வண்டி செல்கிறது. கிணத்துக்கடவுத் தக்காளி, தொண்டாமுத்தூர்க் காய்கறி, சத்தியமங்கலம் மல்லிகை, பொள்ளாச்சித் தேங்காய் எல்லாம் விடியுமுன் சந்தைக்குப் போய்ச் சேர இந்த வண்டிகளே துணை. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்தது. மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் வைத்தார்கள். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திரா பிக்கப் வண்டிகளும் பெருகின. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள்கூடக் கடன் வாங்கியோ, பங்காளிகளுடன் கூட்டாகவோ வண்டி வைத்திருக்கிறார்கள்.

வண்டி சில ஆண்டுகள் ஓடியபின் சைலன்சர் ஓட்டை விழுவதும், புகை கூடுவதும், மேட்டில் இழுவை குறைவதும் இயல்பு. பட்டறைக்குப் போனால் இரண்டு யோசனைகள் கிடைக்கும். கம்பெனி கொடுத்த அளவிலேயே மாற்றுவது ஒன்று. அகலமான நேர்க்குழாய் போட்டு, நடுவில் உள்ள டப்பாக்களை எடுத்துவிடுவது மற்றொன்று. இரண்டாவது யோசனைக்கு "இழுவை கூடும், டீசல் மிச்சமாகும்" என்ற ஆசை வார்த்தையும் சேர்ந்து வரும். இதை நம்பிப் பணத்தைக் கொட்டுமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

புகைக் குழாயின் வேலை

எஞ்சினில் டீசல் எரிந்தபின் மிஞ்சும் சூடான வாயுவை வெளியேற்றுவது, சத்தத்தை அடக்குவது, நச்சுப் பொருளைக் குறைப்பது ஆகிய மூன்றும் புகைக் குழாயின் வேலைகள். எரிந்த வாயு முழுவதும் வெளியேறினால்தான் அடுத்த முறை போதிய காற்று உள்ளே வரும். வழி அடைபட்டால் காற்று குறையும், டீசல் சரியாக எரியாது, கரும்புகை வரும், இழுவை போய்விடும்.

பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டெலிவரி குழாய் நசுங்கியிருந்தால் மோட்டார் வீணாக உழைக்கிறது, தண்ணீர் குறைகிறது. அடைப்பை நீக்கினால் பழைய அளவு தண்ணீர் வரும். அதற்காக ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்கு இரண்டு மடங்கு அகலமான குழாய் போட்டால் கிணற்றில் ஊற்று பெருகிவிடாது. வண்டியிலும் இதே கதைதான். கம்பெனி போட்ட குழாய் அந்த எஞ்சின் விடும் புகைக்குத் தகுந்த அளவில் அமைந்தது. அடைப்பு இருந்தால் நீக்கிப் பலன் காணலாம். அடைப்பே இல்லாத குழாயை அகலப்படுத்தினால் சத்தம் கூடும். இழுவையில் கண்டுகொள்ளும்படியான மாற்றம் இராது. எஞ்சினுக்குச் செல்லும் டீசலும் காற்றும் மாறாதபோது சக்தி மட்டும் எங்கிருந்து வரும்?

புகையின் நிறம்

நோய் எஞ்சினில் இருக்க, மருந்தைச் சைலன்சருக்குக் கொடுப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. ஆயில் எஞ்சின் ஓட்டிய காலத்திலிருந்தே விவசாயிகளுக்குப் புகையைப் பார்த்துப் பழுதறியும் பழக்கம் உண்டு. பிக்கப் வண்டிக்கும் அது பொருந்தும்.

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகமாகிறது என்று பொருள். முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். இட்டேரிப் புழுதியிலும் அறுவடைக் காலத் தூசியிலும் ஓடும் வண்டியில் அது கையேட்டில் சொன்ன கெடுவுக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். அடுத்து டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் இன்ஜெக்டர்.

நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையமோ, வால்வு சீலோ, டர்போவோ தேய்ந்திருக்கலாம். வெண்புகை குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இவை எதுவும் சைலன்சர் மாற்றினால் தீராத பழுதுகள்.

புகைச் சோதனைச் சான்றையும் பெட்டியில் போட்டு மறந்துவிடக் கூடாது. டீசல் வண்டியின் சான்றில் புகையின் அடர்த்தியைக் காட்டும் எண் இருக்கும். பாரத் ஸ்டேஜ் 4 வண்டிக்கு அது 1.62-க்கு மேல் போகக் கூடாது. அதற்கு முந்திய வண்டிகளுக்கு 2.45, பாரத் ஸ்டேஜ் 6 வண்டிக்கு 0.7. பழைய சான்றுகளைச் சேர்த்து வைத்து ஒப்பிட்டால், எண் ஏறிக்கொண்டே வருவது தெரிந்துவிடும். பழுது முற்றுமுன் எச்சரிக்கை செய்யும் சீட்டு அது.

எப்போது மாற்ற வேண்டும்?

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாலே பாதி விவரம் கிடைக்கும். இணைப்புகளில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது. வரப்பில் ஏறி இறங்கும் வண்டிகளில் குழாய் அடிபட்டு நசுங்கியிருக்கும். 2 அங்குலக் குழாயின் உள்வழி ஓரிடத்தில் 1½ அங்குலமாகக் குறைந்தாலே புகை செல்லும் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. சைலன்சரைத் தட்டினால் உள்ளே தகடு உடைந்து கடகடவென்று ஆடும் சத்தம் கேட்கலாம். அந்தத் தகடு நகர்ந்து வழியை அடைப்பதும் உண்டு. குழாயைத் தாங்கும் ரப்பர்கள் அறுந்திருந்தால் பாரம் முழுவதும் இணைப்புகளில் விழுந்து விரைவில் விரிசல் காணும்.

சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். டீசல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. தோட்டத்திலிருந்து நாலு மைல் தூரச் சந்தைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் குழாய் முழுவதும் சூடேறுவதில்லை. நீராவி தண்ணீராகித் தேங்கித் தகட்டை அரிக்கிறது. கோழி எரு, உரம், மாட்டுச் சிறுநீர் படும் வண்டிகளில் வெளிப்புறமும் அரிக்கும். எரு ஏற்றிய அன்றே அடிப்பகுதியைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது செலவில்லாத பாதுகாப்பு. குழாய் ஆறியபின் கழுவ வேண்டும்.

பழுதைச் சரிசெய்வதால் வரும் மிச்சத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிய வண்டி 11 கிலோமீட்டராகக் குறைந்தால், நாள்தோறும் 60 கிலோமீட்டர் ஓட 5 லிட்டருக்குப் பதில் ஏறக்குறைய 5½ லிட்டர் வேண்டும். மாதம் 25 நாள் ஓடினால் 11 லிட்டருக்கு மேல் வீண். அந்தப் பணத்தில் காற்று வடிகட்டியும் ரப்பர்களும் வாங்கிவிடலாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பழைய சைலன்சரை மாற்றுவதென்று முடிவானால் நல்ல சாமானாகப் போடுவதே மேம்பாடு. சாதாரண இரும்புக் குழாய் விலை மலிவு. ஆனால் விரைவில் துருப்பிடிக்கும். அலுமினியம் பூசிய எஃகு அதைவிட நீடிக்கும். 409 தரத் துருப்பிடிக்காத எஃகு இன்னும் நீடிக்கும். வளைவுகளில் குழாய் சப்பையாகாமல் உருண்டையாகவே இருக்க வேண்டும். அளவு பழைய குழாயின் அளவே இருக்கட்டும். வெப்பத் தடுப்புத் தகடுகளை "இடைஞ்சல்" என்று எறிந்துவிடாமல் திரும்ப மாட்டச் சொல்ல வேண்டும். கேஸ்கட், ரப்பர், போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும். வெல்டிங் வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் வண்டியின் மின்னணுக் கருவிகள் கெடலாம்.

குழாயின் முனை வண்டிப் பெட்டிக்கு அடியிலேயே முடியக் கூடாது. முடிந்தால் புகை மேலேறிப் பூவிலும் காயிலும் படியும். ஓட்டுநர் அறைக்குள்ளும் புகும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் அறிவித்தது.

2020-க்குப் பிந்திய வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அன்று முதல் டீசலில் கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இந்த விதிப்படி வந்த டீசல் பிக்கப்களின் புகைக் குழாயில் பொதுவாகக் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். குறுகிய தூரமே ஓடி, அடிக்கடி நிறுத்தப்படும் வண்டியில் இந்தச் சூடு எட்டுவதில்லை. கரி சேர்ந்து விளக்கு எரிகிறது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் வண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தக்காளிப் பெட்டிகளுடன் பாதி வழியில் நின்றால் அன்றைய விலை போயிற்று.

பரிகாரம் எளிது. விளக்கு எரிந்தவுடன், கையேட்டில் சொல்லியுள்ளபடி கோவை - பொள்ளாச்சி சாலை போன்ற நல்ல சாலையில் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஓட்டினால் விளக்கு எரியும் தொல்லையே குறையும். கையேடு குறிப்பிடும் தரத்து எஞ்சின் எண்ணெயையே ஊற்ற வேண்டும். மற்ற எண்ணெய்களின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும், எரியாது. ஆயில் எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய பழக்கத்தையும், பீப்பாயில் மலிவாக வரும் டீசலையும் இந்த வண்டிகளிடம் காட்டக் கூடாது.

வடிகட்டியை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைப்பது இந்த வண்டிகளுக்குப் பெரும் கேடு. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இத்தகைய கருவிகள் அகற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்கிட்டது. அந்த வண்டிகள் விட்ட கூடுதல் நச்சுப்புகை, மேலும் 90 லட்சம் வண்டிகளைச் சாலையில் விட்டதற்குச் சமம் என்றும் அது கூறியது.

உர யூரியா ஊற்றக் கூடாது

சில வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டி உண்டு. நூற்றுக்கு 32.5 பங்கு மிகத் தூய யூரியாவும் மீதி தாதுப்பொருள் நீக்கிய தண்ணீரும் கொண்டது அக்கரைசல். வீட்டில் யூரியா மூட்டை இருக்கிறதே, கரைத்து ஊற்றினால் என்ன என்ற எண்ணம் விவசாயிக்கு எழலாம். வயலுக்குப் போடும் யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. வேறு கலப்புகளும் உண்டு. கிணற்று நீரின் உப்பும் அதில் சேரும். இவை பீய்ச்சும் குழலை அடைத்து, விலையுயர்ந்த பாகத்தைப் பாழாக்கிவிடும். மானிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவதும் குற்றம்.

களத்தில் எச்சரிக்கை

நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியைக் காய்ந்த சோளத்தட்டின் மேலோ, நிலக்கடலைக் கொடியின் மேலோ, தேங்காய் மட்டைக் குவியல் அருகிலோ நிறுத்தக் கூடாது. வடிகட்டி சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அதன் வெளித்தகடும் தட்டைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகலாம். ஓராண்டுத் தீவனமும் வண்டியும் ஒன்றாகப் போய்விடும். அடியில் சிக்கிய வைக்கோலை அவ்வப்போது உருவி எடுக்க வேண்டும்.

பல்லடம் வட்டாரம் போலக் கோழிப் பண்ணைகள் நிறைந்த இடங்களில் சத்தமிடும் குழாய் வேறொரு நஷ்டத்தையும் தரும். திடீர்ச் சத்தத்துக்கு மிரளும் கறிக்கோழிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து மூச்சுத் திணறி மடியும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றி அமைப்பதைத் தடை செய்கிறது. புகை, சத்த விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவின்படி, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் தகுதி இழக்கும். மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் இழப்பீட்டில் தகராறு வரலாம். கம்பெனி உத்தரவாதமும் போகலாம்.

ஆகவே, சைலன்சருக்குச் செலவிடுமுன் காற்று வடிகட்டி, டர்போக் குழாய், இன்ஜெக்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிறகு கசிவும் நசுங்கலும் இருந்தால் சரிசெய்ய வேண்டும். மாற்றியே தீர வேண்டுமென்றால் அதே அளவில், துருவைத் தாங்கும் நல்ல எஃகில் மாற்றலாம். பணம் மிச்சமானால் அது அடுத்த பட்டத்து விதைக்கு ஆகும்.