வண்டித்தடங்களையும் ஓட்டப் பாதைகளையும் சொற்பச் செலவில் அளக்கும் விதம்

முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகிறது. அங்கிருந்து கல்லணைப் பக்கம் வரையில் இவ்விரு ஆறுகளுக்கும் நடுவே நீண்டு கிடப்பது ஸ்ரீரங்கத் தீவு. தீவிலும், எதிரே திருச்சிராப்பள்ளிக் கரையிலும், ஆற்றங்கரை மேலும் வாய்க்கால் கரை மேலும் செல்லும் மண் தடங்கள் அநேகம். தார்ச்சாலையில் கிலோமீட்டர் கல் உண்டு, இத்தடங்களில் இல்லை. ஆயினும் இவற்றின் நீளத்தைச் சரியாக அறிய வேண்டிய அவசியம் விவசாயிகளுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் அடிக்கடி நேரிடுகிறது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ந் தேதிக்கு முன் கிளை வாய்க்கால்களைத் தூர் எடுக்கும்போது, கூலி மீட்டர் கணக்கில் பேசப்படுமாயின், நீளத்தில் உள்ள பிசகு பணத்தில் வந்து முடியும். மற்றொரு விஷயமும் உண்டு. நம் கிராமத்து வாலிபர்கள் பலர் காவலர் தேர்வை உத்தேசித்து இத்தடங்களில் விடியற்காலையில் ஓடிப் பழகுகின்றனர். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷங்களுக்குள் ஓடித் தீர வேண்டும். பழகும் தடம் 50 மீட்டர் குறைந்து 1,450 மீட்டரே இருந்தால், 6 நிமிஷம் 50 விநாடியில் ஓடித் தேறிவிட்டதாக எண்ணும் வாலிபனுக்கு, மெய்யான தூரத்தில் 7 நிமிஷம் 4 விநாடி ஆகும். ஒரு வருஷத்து உழைப்பு நான்கு விநாடியில் வீணாகும். அதே பிசகு வாய்க்கால் கூலியில் முப்பதில் ஒரு பங்காகும்.

வழக்கத்திலுள்ள முறைகளும் அவற்றின் குறைகளும்

காலடியை எண்ணி அளப்பது உத்தேசத்துக்கு மட்டுமே உதவும். களைப்பிலும் மணலிலும் அடி குறுகும். கயிறு, இழுப்புக்கும் ஈரத்துக்கும் தக்கபடி நீளம் மாறும். கிராம வரைபடத்தின்மீது நூலை வைத்து அளந்தால், தடத்தின் சிறு வளைவுகள் விடுபட்டுத் தூரம் குறைவாகத் தோன்றும். கைப்பேசி செயற்கைக்கோள் குறிப்பைக் கொண்டு தூரம் காட்டுகிறது. ஆனால் தென்னந்தோப்பிலும் மூங்கில் அடர்ந்த கரையிலும் குறிப்பு சில மீட்டர் தள்ளி விழுவதுண்டு. வளைவுகளில் அது தூரத்தைக் குறைத்தும், குறிப்பு அலையும்போது கூட்டியும் காட்டக்கூடும்.

சைக்கிள் சக்கர முறை

வீட்டிலுள்ள சைக்கிளே இதற்குச் சிறந்த கருவி. உலகெங்கும் சாலை ஓட்டப் பந்தயங்களின் தூரத்தை அளப்பதற்கு அங்கீகரிக்கப்பட்டிருப்பதும் சைக்கிள் முறையே. செய்ய வேண்டுவன பின்வருமாறு:

1. சமமான கெட்டித் தரையில், எஃகு நாடாவினால் 100 மீட்டரை இரு முறை அளந்து, இரு முனைகளிலும் முளை அடித்துக்கொள்க.

2. முன்சக்கரத்தின் வால்வை முதல் முளைக்கு நேராகத் தரைப்பக்கம் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து நேராக மிதித்துச் செல்க. ஆள் பாரத்தால் டயர் அமுங்குமாதலால், வெறும் சைக்கிளைத் தள்ளி எடுத்த கணக்கு ஏறி ஓட்டும்போது பொருந்தாது.

3. கவையில் ஓர் அட்டைத் துண்டையும், ஸ்போக்ஸ் கம்பி ஒன்றில் சிறு குச்சியையும் கட்டினால் சுற்றுக்கு ஒரு தட்டு கேட்கும். நூறு தட்டுக்கு ஒரு புளியங்கொட்டையைப் பையில் போட்டு வந்தால் எண்ணிக்கை தவறாது.

4. முழுச் சுற்றுக்கு மிஞ்சியதை வால்விலிருந்து ஸ்போக்ஸ் கம்பிகளை எண்ணி அறிக. முன்சக்கரத்தில் 32 கம்பிகள் இருக்குமாயின், 16 கம்பி அரைச் சுற்றாகும்.

உதாரணமாக, 100 மீட்டருக்கு 45 சுற்றும் 16 கம்பியும், அதாவது நாற்பத்தைந்தரைச் சுற்று, ஆயிற்று என்க. 1,500 மீட்டருக்கு இதன் பதினைந்து மடங்கு, 682½ சுற்று. பந்தயத் தடம் அளப்போர் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டி அளப்பது வழக்கம். தடம் எவ்விதத்திலும் குறைந்துவிடலாகாது என்பதே காரணம். அதன் பிரகாரம் 683 சுற்றும் 6 கம்பியும் சென்று முடிவு முளையை அடிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சைக்கிள் தள்ளாடினால் சுற்றுக்கள் வீணாகித் தடம் குறைபடும். காற்று இறங்கினாலும் சக்கரம் சிறுத்து அப்படியே நேரும். வெயிலேறினால் டயர் உப்பி மாறாக நடக்கும். ஆகையால் வேலைக்கு முன்னும் பின்னும் 100 மீட்டரை ஓட்டிப் பார்த்து, ஓட்டப் பாதைக்கு இரண்டில் அதிகமான எண்ணையே கொள்க. 1802-ஆம் வருஷம் பரங்கிமலை அருகே நில அளவைக்காக லாம்டன் துரை ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்தை எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, வெப்பத்தால் சங்கிலி நீளுவதையும் வெப்பமானி வைத்துக் கணக்கிட்டே முடித்தார். கருவி எளியதாயினும் இந்த நியாயம் ஒன்றே.

வளைவுகளில் ஓடுகிறவன் உட்பக்கமாகவே ஓடுவானாதலால், உள் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். வாய்க்காலை அளப்பதானால் வளைவில் இரு கரைகளையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். சக்கரம் புதையும் மணற்பாங்கான இடத்தில் சைக்கிளை நம்பாமல், எஃகு நாடாவையோ 20 மீட்டர் சங்கிலியையோ இருவர் பிடித்து அளத்தல் நலம்.

ஒரே ஆள் இருமுறை அளப்பதைவிட, இரண்டு பேர் தனித்தனியே அளந்து ஒப்பிடுவது மேலானது. 1,500 மீட்டருக்கு இருவர் கணக்கும் இரண்டு மூன்று மீட்டருக்குமேல் வேறுபட்டால் மறுபடி அளக்க வேண்டும். முடிவை முளையோடு விட்டுவிடாமல், தொடக்கத்திலும் முடிவிலும் மதகு, பாலம் போன்ற அசையாப் பொருளிலிருந்து இத்தனை மீட்டர் என்று குறிப்பெழுதிக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பிரதி வைத்தல் உசிதம். வெள்ளத்தில் முளை போனாலும் அளவு போகாது. அடுத்த வருஷத் தூர் வேலைக்கும், அடுத்து ஓட வரும் வாலிபர்களுக்கும் அதுவே ஆதாரமாகும்.